பேர் வந்தா நாலு பங்கு, பழி வந்தா ஒரே ஆள்! - தெருக் கலைஞர்களின் வைரல் கணக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் காலையில் நடந்தால் ரெண்டு சத்தம் சேர்ந்து கேட்கும். ஒண்ணு, வீட்டுக்குள்ளிருந்து வரும் தறிச் சத்தம். இன்னொண்ணு, தறிக்குப் பக்கத்துல சுவரில் சாத்தி வெச்ச மொபைலில் ஓடும் பாட்டு. தறியில் ஒரு விரல் அகலம் துணி ஏறுவதற்குள் மொபைலில் பாட்டு மாறி, ஆள் மாறி, டிரெண்டே மாறியிருக்கும்.

அந்தத் தறியில் ஓடுவது கோர்வைப் புடவை என்றால், ஒரே ஆள் தனியாக நெய்வது கஷ்டம். உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ஆளுக்கொரு நாடா என மூணு நாடா ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்க இன்னொரு கை வேணும். நாள்கணக்கில் ரெண்டு பேர் உட்கார்ந்து உருவாக்கிய புடவை, கல்யாண மண்டபத்துக்குப் போனதும் நாம கேட்கிற முதல் கேள்வி, 'எந்தக் கடையில எடுத்தீங்க?' என்பதுதான். 'யார் நெய்தது?' என்று யாரும் கேட்பதில்லை. 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரோட பேரைக் காப்பாத்துது. தறியில் உட்கார்ந்தவர் பேரை அது லேபிளில் ஏத்தலை.

ஆனா, எங்கேயாவது இழை விட்டுப்போச்சு, கோர்வை பிசகிடுச்சுன்னு வைங்க... அப்போ மட்டும் 'இது யார் தறி?' என்ற கேள்வி நேரா நெசவாளி வீட்டு வாசலுக்கு வந்துடும்.

பேர் வரும்போது கடைக்கு. பிழை வரும்போது கைக்கு. தறியின் இந்தக் கணக்கு அப்படியே அந்த மொபைல் பாட்டுக்கும் பொருந்துது. தெருவிலிருந்து, சேரியிலிருந்து, ஒப்பாரியிலிருந்து, கானாவிலிருந்து கிளம்பி ஒரே ராத்திரியில் ஊரறிஞ்ச முகமாகும் இளம் கலைஞர்களுக்கு என்ன நடக்குதுன்னு கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போமா?

அரக்கோணத்திலிருந்து ஒரு தெருக்குரல்

காஞ்சிபுரத்தில் அரக்கோணம் ரயிலில் ஏறினா, அறிவோட ஊர் ரொம்ப தூரமில்ல. இன்ஜினீயரிங் படிச்ச பையன். கவிதை எழுதிட்டிருந்தவர் ராப் பக்கம் வந்தார். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடையேற்றினாங்க. கானா, ராப், ராக், பறை என எல்லாம் கலந்த அந்தக் குழுவின் முக்கியமான குரல்களில் ஒண்ணு அறிவு.

அடுத்த வருஷம், 2019-ல், ஆஃப்ரோவுடன் சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டார். பேர், 'தெருக்குரல்'. திருக்குறளைச் சீண்டும் ஒரு எழுத்து விளையாட்டு. அதே நேரத்தில், 'நான் எங்கிருந்து பேசுறேன்' என்பதற்கான முகவரியும் அதுதான். இன்னிக்கும் அவரோட சோஷியல் மீடியா அடையாளம் அந்தப் பேரில்தான் இருக்கு.

2021 மார்ச் 7. 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியாச்சு. பாடகி தீயும் அறிவும் பாடினாங்க, தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். யூடியூபில் 40 கோடி பார்வைகளைத் தாண்டிய பாட்டு. நாம எல்லாரும் ரீல்ஸ் போட்டோம். கல்யாண வீட்டில் ஆடினோம். ஆனா, அந்தப் பாட்டின் அடியில் இருந்த கதை குதூகலமானது இல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைச்சு, திரும்பி வந்து, சொந்தமா ஒரு துண்டு நிலம்கூட இல்லாமப் போன தலைமுறையோட கதை அது. அந்தத் தலைமுறையில் ஒருத்தர், அறிவோட பாட்டி.

ஹிட்டுக்குப் பிறகு ஆரம்பிச்ச வேலை

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், கனடாவின் தமிழ் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தாங்க. ஷானின் 'நீயே ஒளி', தீயின் 'எஞ்சாய் எஞ்சாமி' ரெண்டுக்கும் வரிகள் அறிவோடது. அட்டையில் அறிவு இல்ல. பா.இரஞ்சித் ட்விட்டரில் வெளிப்படையா கேள்வி கேட்டார். நாடு முழுக்க விவாதமாச்சு. பிறகு அதே இதழ், அறிவை வெச்சு டிஜிட்டல் அட்டை ஒண்ணை வெளியிட்டுச்சு.

2022 ஜூலை 28. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் 'எஞ்சாய் எஞ்சாமி'. தீயோட கிடாக்குழி மாரியம்மாள் பாடினாங்க. அறிவு அங்கே இல்ல. அந்த நேரத்தில் அவர் அமெரிக்காவில் இருந்தார் என்பது எதிர்த்தரப்பு விளக்கம். சில நாளில் இன்ஸ்டாகிராமில் அறிவு ஒரு நீண்ட பதிவு போட்டார். யாரும் எனக்கு மெட்டோ சொல்லோ எடுத்துக் கொடுக்கலை, ஆறு மாசம் தூக்கமில்லாம உழைச்சேன், இது கூட்டு உழைப்புதான், ஆனா அதுக்காக இது என் பாட்டியின் வரலாறு இல்லைன்னு ஆகிடாது என்பதுதான் அதன் சாரம். சந்தோஷ் நாராயணனும் தீயும் விளக்கம் கொடுத்தாங்க. பாட்டு எப்படி உருவாச்சு என்பதை அவங்க கோணத்தில் சொல்லி, வருமானமும் உரிமையும் மூணு பேருக்கும் சமம் என்றும், அறிவின் பங்கை எப்பவும் சொல்லியே வந்திருக்கோம் என்றும் பதில் சொன்னாங்க.

இதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்பு எழுத இந்தக் கட்டுரை வரலை. மூணு பேரும் திறமைசாலிகள். மூணு பேரும் சேர்ந்துதான் அந்தப் பாட்டு. நாம கவனிக்க வேண்டியது வேற. இருபதுகளில் இருக்கும் ஒரு கலைஞன், வாழ்க்கையின் பெரிய ஹிட்டைக் கொடுத்த பிறகு, அடுத்த பாட்டை எழுத வேண்டிய நேரத்தில், 'இது என் பாட்டுதான்' என்று ஊருக்கு எழுதிட்டிருக்கார். புகழின் முதல் விலை அதுதான். படைக்கிற நேரம், நிரூபிக்கிற நேரமா மாறிடுது.

காசு? 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே ஒரு வீடியோ போட்டார். அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூணு பேருக்கும் ஒரு பைசாகூட வரலை என்றார். பாட்டை வெளியிட்ட நிறுவனத் தரப்புக்கும் அவங்களுக்கும் இடையிலான கணக்கு அவங்க பேசித் தீர்க்க வேண்டியது. ஆனா, 40 கோடி பார்வை பார்த்த ஒரு பாட்டோட படைப்பாளிகளே, வெளியாகி மூணு வருஷம் கழிச்சு வருமானம் எங்கேன்னு கேட்கிற நிலைமை, வியூஸ் எண்ணிக்கையைப் பார்த்து 'செட்டில் ஆகிட்டாண்டா'ன்னு பேசுற நம்ம எல்லாருக்குமே ஒரு பாடம்.

பாட்டு குழுவோடது... மிரட்டல் மட்டும் ஒருத்தருக்கு

அதே குழுவிலிருந்து இன்னொரு கதை. வடசென்னையின் இசைவாணி. கானா என்றாலே ஆம்பளைங்க பாட்டு என்று இருந்த இடத்தில் மைக் பிடிச்ச பொண்ணு. 2020-ல் பி.பி.சி-யின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்துச்சு. 2021-ல் பிக்பாஸ் வீட்டுக்குள்ள போனார். சாவு வீட்டிலும் தெருமுனையிலும் வளர்ந்த ஒரு கலை வடிவத்தை, உலகப் பட்டியல் வரைக்கும் எடுத்துட்டுப் போன ஆள்.

2024 நவம்பர். சபரிமலை சீஸன். பல வருஷத்துக்கு முன்னாடி 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் அவர் பாடிய, கோயில் நுழைவு உரிமையைப் பேசும் ஒரு பாட்டின் துண்டு திடீர்னு சுத்த ஆரம்பிச்சுது. பக்தர்கள் மனசு புண்பட்டதா பல இடங்களில் போலீஸில் புகார். அந்தப் பாட்டின் கருத்தோடு உடன்படாம இருக்க யாருக்கும் உரிமை இருக்கு, புகார் கொடுக்கவும் உரிமை இருக்கு. ஆனா, அதோட நிக்கலை. அவருக்கு போன் மேல போன். ஆபாச வசை, மிரட்டல், மார்ஃபிங் படங்கள். கடைசியில் அவரும் போலீஸிடம் போக வேண்டியதாச்சு. அந்தப் பாட்டு குழுவாக உருவாக்கியது, இசைவாணி பாடியவர் மட்டுமே என்று நீலம் பண்பாட்டு மையம் விளக்கம் கொடுத்துச்சு.

இப்போ ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

அறிவு விஷயத்தில், பாராட்டு வந்தப்போ 'இது கூட்டு முயற்சி'. இசைவாணி விஷயத்தில், பழி வந்தப்போ கூட்டு முயற்சியெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியலை, ஒரு பொண்ணோட முகம் மட்டும்தான் தெரிஞ்சுது. புகழ் மேலே போகப் போக பிரியுது. வெறுப்பு கீழே வர வர ஒரே இடத்தில் குவியுது. அந்த இடத்தில் நிற்பவர் பொண்ணா இருந்தா, கூடவே அசிங்கமும் சேர்ந்து வருது.

தறியின் கணக்கு ஞாபகம் வருதா?

நியூயார்க்கிலும் இதே கதைதான்

'இது நம்ம ஊர் பிரச்னை, வெளிநாட்டுல கலைஞனை மதிப்பாங்க'ன்னு யாராவது கிளம்பினா, ஜான் மிஷேல் பாஸ்கியா கதையைச் சொல்லுங்க. 1960-ல் நியூயார்க் புரூக்ளினில் பிறந்தவர். 70-களின் கடைசியில் நண்பர் ஆல் டயஸோடு சேர்ந்து 'சேமோ' என்ற புனைபேரில் நகரச் சுவர்களில் கிறுக்கிட்டிருந்த டீன் ஏஜ் பையன். கையால் செஞ்ச போஸ்ட்கார்டுகளைத் தெருவில் வித்தவர். 1982-ல், 21 வயசில், ஜெர்மனியில் நடக்கும் 'டாக்குமென்டா' உலகக் கலைக் கண்காட்சியில் அவர் ஓவியம். 1985-ல் 'நியூயார்க் டைம்ஸ்' ஞாயிறு இதழின் அட்டையில் கோட் சூட்டோட, வெறுங்காலோட அவர் படம்.

1988 ஆகஸ்டில் போதை மருந்து அவரைக் கொன்னுச்சு. வயசு 27.

1982-ல் அவர் வரைஞ்ச ஒரு மண்டையோட்டு ஓவியம், 1984-ல் 19,000 டாலருக்கு ஏலம் போச்சு. 2017-ல் அதே ஓவியம் 11 கோடியே 5 லட்சம் டாலருக்குப் போச்சு. இந்த ரெண்டு எண்களுக்கு நடுவில் இருப்பதுதான் சந்தை. அந்த வித்தியாசத்தில் பங்கு கேட்க அவரும் இல்ல, மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு கொடுக்கும் சட்டமும் அமெரிக்காவில் இல்ல.

பாஸ்கியாவைச் சுத்தி ஆள் இல்லாம இல்ல. கேலரிக்காரங்க, பணக்காரங்க, பார்ட்டி நண்பர்கள் எல்லாரும் இருந்தாங்க. ஓவியத்துக்கு வாங்குற ஆள் எத்தனையோ பேர் வந்தாங்க. அவரைப் பிழைக்க வைக்க அந்தக் கூட்டத்தால் முடியலை.

கூத்துக்காரர் கட்டிய பள்ளிக்கூடம்

அப்போ வழியே இல்லையான்னு கேட்டா, பதில் மறுபடியும் காஞ்சிபுரத்துப் பக்கமே இருக்கு.

வடமாவட்டங்களின் தெருக் கலை என்றால் கூத்துதான். ராத்திரி முழுக்க ஆடுவாங்க. கோயில் திருவிழா சீஸனில் கலைஞருக்குத் தூக்கம் கிடையாது, சீஸன் முடிஞ்சா வேலை கிடையாது. அதில் சின்னப் பையனா இறங்குபவருக்கு முதலில் போவது பள்ளிக்கூடம். கட்டைக்கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபால் அப்படித்தான் சின்ன வயசிலேயே படிப்பை விட்டுட்டு மேடையேறினவர். பேர் கிடைச்சது. ஆனா, தன்னோட இழப்பை அவர் மறக்கலை.

1990-ல் கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. 2002-ல் ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினாங்க. காலையில் பாடம், கூடவே கூத்துப் பயிற்சி. கலைக்காகப் படிப்பையும் படிப்புக்காகக் கலையையும் விட வேண்டாம் என்பதுதான் யோசனை. பொண்ணுங்களும் வேஷம் கட்டினாங்க. ஆம்பளைங்களே பொம்பள வேஷம் போட்ட கலையில் அது சாதாரண மாற்றம் இல்ல.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. ஒரு கலைஞன் பட்ட காயத்தை, அடுத்த பிள்ளை படக்கூடாதுன்னு யோசிச்சு உருவான அமைப்பு அது. வைரல் உலகத்தில் குறைவா இருப்பது இதுதான். பாட்டை எல்லார் கையிலும் கொண்டுபோய்ச் சேர்க்க ஆயிரம் ஆப் இருக்கு. பாடினவர் பின்னாடி நிற்க ஒரு சங்கமோ, வக்கீலோ, 'இன்னிக்கு போனை என்கிட்ட கொடுத்துட்டு நீ தூங்கு'ன்னு சொல்ல ஒரு அண்ணனோ அக்காவோ பல பேருக்கு இல்ல.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடி ஒரு பேப்பர்

நீங்களோ உங்க ஃப்ரெண்டோ பாடுறீங்க, வரையுறீங்க, பறை அடிக்கிறீங்க, ரீல்ஸ் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது என்றால் இதை மனசுல வெச்சுக்குங்க.

2012-ல் நம்ம நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பெரிய திருத்தம் வந்துச்சு. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் நின்னு வாதாடின விஷயம் இது. அதன்படி, பாட்டு எழுதினவரும் மெட்டு போட்டவரும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் தங்கள் பங்கைப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுட்டதா ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. பாடகர், வாசிப்பவர் போன்ற நிகழ்த்துக் கலைஞர்களுக்கும், தன் பேரைச் சொல்லணும்னு கேட்கும் உரிமையும், வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமையும் அந்தத் திருத்தத்தில்தான் வந்துச்சு.

ஆனா, சட்டம் தானா வந்து கதவைத் தட்டாது. ரெக்கார்டிங் முடிஞ்ச அன்னிக்கே, ஹிட்டாகும் முன்னாடியே, வரி யாரோடது, மெட்டு யாரோடது, யாருக்கு எத்தனை சதவிகிதம் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுங்க. 'நட்புக்குள்ள எதுக்கு பேப்பர்?' என்று கூச்சமா இருக்கும். நட்பு உடையாம இருக்கத்தான் அந்தப் பேப்பர். முதல் வரைவு, வாய்ஸ் நோட், வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஐ.பி.ஆர்.எஸ் அமைப்பில் உறுப்பினர் ஆகலாம். உங்களுக்குச் சேர வேண்டிய ராயல்டியை வசூலிச்சுத் தருவது அவங்க வேலை. ஒப்பந்தம் இங்கிலீஷில் 20 பக்கம் இருந்தா, புரியுற ஆளிடம் காட்டாம கையெழுத்து போடாதீங்க.

மிரட்டல் வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு, அக்கவுன்ட்டை நம்பிக்கையான ஒருத்தரிடம் கொஞ்ச நாள் கொடுத்துடுங்க. சைபர் க்ரைமில் புகார் கொடுங்க. ஒரே ஆளா உட்கார்ந்து ஒவ்வொரு கமென்ட்டையும் படிக்கிறது வீரம் இல்ல. குழுவா பாடியிருந்தா, பதிலும் குழுவா வரட்டும். பாடினவர் பேருக்கு மட்டும் வர்ற அம்பை, எழுதினவரும் வாசிச்சவரும் 'இது எங்களோடதும்தான்'னு சொல்லி முதல் நாளே பங்கு போட்டுக்கணும்.

நம்ம பங்கு?

பாட்டு கேட்கிற நமக்கும் இதில் வேலை இருக்கு. ரீல்ஸ் போடும்போது எழுதினவர், பாடினவர் பேரைப் போட அரை நிமிஷம் ஆகாது. கோபம் வந்தா, அந்தப் பாட்டோட சண்டை போடுங்க, பாடின பொண்ணோட இன்பாக்ஸில் இல்ல.

அறிவு 2024-ல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஒரு ஆல்பம் கொண்டுவந்தார். வள்ளியம்மா, அவரோட பாட்டி. இந்தத் தடவை பாட்டியோட பேர் ஆல்பத்தோட தலைப்பிலேயே இருக்கு. எந்த அட்டையிலிருந்தும், எந்த மேடையிலிருந்தும் எடுத்துட முடியாத இடம்.

முந்தியில் ஜரிகையால் பேரே நெய்து வாங்குறவங்க இருக்காங்க, பார்த்திருப்பீங்க. பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர் ரெண்டும் மின்னும். அடுத்த தடவை காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போனா, பில் போடும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: 'அண்ணே, இதை நெய்தது யாரு?' கடைக்காரர் ஒரு நொடி முழிப்பார். முழிக்கட்டும். அந்தக் கேள்வியைத் தினமும் பத்து பேர் கேட்டா, என்னிக்காவது ஒரு நாள் லேபிளில் அதுக்கு இடம் ஒதுக்கித்தானே ஆகணும்?